கமாடோ அடுப்பில் நான்

கமாடோ அடுப்பில் நான் சுடுவது என்பது, தந்தூருக்கென்று உருவான புளித்த மைதா ரொட்டியைத் தடித்த பீங்கான் சுவரும் குவிந்த மூடியும் கொண்ட கரியடுப்பில் வீட்டிலேயே சுட்டெடுக்கும் முறை. நான் மேற்காசிய, பாரசீக மரபில் வந்த ரொட்டி. கமாடோ ஜப்பானியச் சோற்றடுப்பின் வழியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் அண்மைக் காலத்தில்தான் வீட்டுத் தோட்டங்களில் ஒன்றுசேர்ந்தன.

தந்தூரின் தொன்மை

களிமண்ணை உருளையாக வனைந்து, அடியில் தீ மூட்டி, காய்ந்த உட்சுவரில் மாவை அறைந்து ரொட்டி சுடும் வழக்கம் மேற்காசியா முதல் வடமேற்கு இந்தியா வரை பரவியுள்ளது. அக்காடிய மொழியில் இந்த அடுப்பு தினூரு எனப்பட்டது. அரபியில் தன்னூர், ஆர்மேனியாவில் தொனிர், இந்தியாவில் தந்தூர். ராஜஸ்தானில் உள்ள காலிபங்கன் போன்ற சிந்துவெளி நாகரிக இடங்களில் நடந்த அகழாய்வுகளில் தந்தூரை ஒத்த மண்ணடுப்புகள் கிடைத்துள்ளன. அவற்றில் என்ன சுட்டார்கள் என்பதை வைத்து நானின் வரலாற்றைத் தொடங்க முடியாது. அடுப்பு நானைவிடப் பழையது.

அரண்மனையும் கடைவீதியும்

பாரசீகத்தில் நான் என்பது ரொட்டிக்குப் பொதுப்பெயர். ஈரானில் சூடான கூழாங்கற்கள் மேல் சுடும் சங்கக்கும் நான்தான், நீளவாக்கில் கோடு கீறிச் சுடும் பர்பரியும் நான்தான். தில்லி சுல்தான்களின் காலத்தில் இந்தச் சமையல் மரபு வட இந்தியாவில் வேரூன்றியது. கவிஞர் அமீர் குஸ்ரோவின் (1253–1325) எழுத்துகளில் மெல்லிய நான், தந்தூர் நான் என இரு வகைகள் பேசப்படுகின்றன.

அக்பர் அரசவையின் நடைமுறைகளை அபுல் பசல் தொகுத்த அயினி அக்பரியில் ரொட்டிக்கென்று தனிப்பகுதி உண்டு. அடுப்பில் சுடும் பெரிய ரொட்டிக்கு 10 சேர் மாவு, 5 சேர் பால், ஒன்றரை சேர் நெய், கால் சேர் உப்பு என்று அதில் அளவு தரப்பட்டுள்ளது. அதே இடத்தில் இரும்புத் தட்டில் சுடும் மெல்லிய ரொட்டியும் வருகிறது. ஒரு சேர் மாவில் அது 15 அல்லது அதற்கு மேலும் தேறும். இந்த இரண்டு ரொட்டிகளும் பிறகு வெவ்வேறு வழியில் போயின. இரும்புத் தட்டில் வேகும் மெல்லிய ரொட்டி வீட்டுக்கு உரியதாயிற்று. அடுப்பு ரொட்டி அரண்மனையிலிருந்து கடைவீதிக்கு வந்தது.

இந்தப் பிரிவுக்குக் காரணம் மாவல்ல, எரிபொருள். தந்தூரின் மண்சுவர் முழுக்கச் சூடேற நெடுநேரம் பிடிக்கும். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு ஒருவேளை ரொட்டிக்காக அத்தனை விறகை எரிப்பது கட்டுபடியாகாது. ஊருக்கே சுட்டால்தான் கணக்கு சரிவரும். ஆகவே தில்லி, லக்னோ போன்ற நகரங்களில் நான்பாய் எனப்படும் ரொட்டிக்காரர்கள் தொழிலாகவே இதைச் செய்தனர். காஷ்மீரில் இன்றும் காலை ரொட்டி காந்துர் எனப்படும் ரொட்டிக்காரரின் கடையிலிருந்துதான் வீட்டுக்கு வருகிறது. பஞ்சாபின் கிராமங்களில் பல குடும்பங்கள் ஒரே தந்தூரைப் பகிர்ந்துகொண்டன. அதில் பெரும்பாலும் வெந்தது முழுக்கோதுமை ரொட்டி.

உணவகத்தின் வழியே

1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ராலும் அவருடைய கூட்டாளிகளும் தில்லி தரியாகஞ்சில் மோதி மஹால் உணவகத்தை நடத்தினர். தந்தூரி கோழியும் அதனுடன் நானும் நாடெங்கும் பரவ இந்த வகை உணவகங்களே வழிவகுத்தன. 1960களில் லண்டனின் இந்திய உணவகங்களிலும் தந்தூர் இடம்பிடித்தது. தமிழ்நாட்டிலும் நான் உணவகத்தின் வழியாகவே அறிமுகமானது. இங்கே பல சைவ உணவகங்களில் தந்தூரி வகைகள் மாலையில்தான் கிடைக்கும். நாள் முழுக்கத் தந்தூரை எரியவிடும் அளவுக்கு வாடிக்கை இல்லாததே காரணம்.

கமாடோவின் பயணம்

கமாடோ என்பது ஜப்பானிய வீடுகளில் மண்ணால் அமைத்த நிலையான அடுப்பு. கொரியத் தீபகற்பத்திலிருந்து சுமார் 5ஆம் நூற்றாண்டில் இந்த வகை அடுப்பு ஜப்பானுக்கு வந்தது. இதிலிருந்து கிளைத்த முஷிகமாடோ, குவிந்த மூடியுடன் எடுத்துச்செல்லத் தக்க மண்ணடுப்பு. சோறு வேகவைக்கவே அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் அதில் இறைச்சி சுடப் பழகி, ஊர் திரும்பும்போது உடன் கொண்டு சென்றனர்.

1974இல் எட் பிஷர் என்பவர் அட்லாண்டாவில் ஒரு கடை திறந்தார். ஜப்பானின் பச்சிங்கோ விளையாட்டுக் கருவிகளோடு இந்த அடுப்புகளையும் விற்றார். அதுவே பிக் கிரீன் எக் நிறுவனமாக வளர்ந்தது. தொடக்க கால மண்ணடுப்புகள் கடும் சூட்டில் எளிதில் விரிசல் விட்டன. பின்னர் வலுவான பீங்கானுக்கு மாறியதும் குறை நீங்கியது. 2009இல் தொடங்கிய கமாடோ ஜோ உட்படப் பல நிறுவனங்கள் பிறகு சந்தைக்கு வந்தன.

சூட்டின் வேலை

தந்தூரில் நானுக்கு மூன்று வழியில் சூடு கிடைக்கிறது. ஒட்டியிருக்கும் மண்சுவர் அடிப்பக்கத்தை வேகவைக்கிறது. அடியில் கனலும் கரியும் எதிர்ச்சுவரும் முன்பக்கத்தைத் தாக்குகின்றன. மேலெழும் வெப்பக்காற்று சுற்றிலும் வேலை செய்கிறது. சூடு 400 டிகிரி செல்சியஸைக்கூட எட்டும் என்பதால் ஒன்றிரண்டு நிமிடங்களில் ரொட்டி வெந்துவிடும். மேல்தோல் உலர்வதற்குள் உள்நீர் ஆவியாகி மாவை உப்பவைப்பதால், புறத்தே கருகிய புள்ளிகளும் உள்ளே மென்மையும் சேர்ந்தே அமைகின்றன. தோசைக்கல்லில் சுட்டால் அடிப்பக்கம் வேகும், மேற்பக்கம் காத்திருக்கும். மெல்ல வேகவேக ஈரம் வற்றி ரொட்டி விறைக்கிறது.

கமாடோவின் தடித்த சுவர் சூட்டை உள்ளிழுத்து நீண்ட நேரம் வைத்திருக்கிறது. குவிந்த மூடி அந்தச் சூட்டை ரொட்டியின் மேற்பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்று நுழையும் அளவைக் கீழ்த்திறப்பிலும் மேல்திறப்பிலும் கட்டுப்படுத்தலாம் என்பதால் குறைந்த கரியே போதும். ஊருக்கே சுட்டால்தான் கட்டுபடியாகும் என்ற பழைய கணக்கை மாற்றியது இந்தச் சிக்கனம்தான்.

சுடும் முறை

500 கிராம் மைதாவுக்குத் தயிரும் தண்ணீருமாகச் சுமார் 300 மில்லி, 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட், சிறிது எண்ணெய் என்பது வழக்கமான அளவு. மாவு கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் புளித்து இரண்டு மடங்கானதும் எட்டு உருண்டைகளாகப் பிரித்து, மேலும் கால் மணி நேரம் ஆறவிடுவார்கள்.

அடுப்பில் மரக்கரியை மூட்டி, தீ நேரடியாகத் தாக்காமல் தடுக்கும் பீங்கான் தட்டை வைத்து, சிறிது இடைவெளி விட்டு அதன் மேல் பீட்சா கல்லை அமர்த்துவார்கள். தடுப்புத் தட்டு இல்லாவிட்டால் கல் மூடியைவிட மிக அதிகமாகச் சூடாகி, மேற்பக்கம் வேகுமுன் அடி கருகிவிடும். மூடியின் வெப்பமானி 280 முதல் 320 டிகிரி காட்டிய பிறகும் கல் முழுக்கச் சூடேற அரைமணி நேரம் விட வேண்டும். கையால் நீட்டிய மாவின் மேல் கருஞ்சீரகம் தூவி, மறுபக்கத்தில் தண்ணீர் தடவி அந்தப் பக்கம் கல்லில் படும்படி இட்டு உடனே மூடினால், இரண்டு மூன்று நிமிடங்களில் நான் தயாராகும். சூட்டோடு நெய் அல்லது வெண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்தால் மென்மை குறையாது.

வரம்புகளும் எச்சரிக்கையும்

தந்தூரின் செங்குத்தான சுவரைக் கமாடோ தராது. சுவரில் தொங்கியபடி வேகும்போது கிடைக்கும் நீர்த்துளி வடிவம் இதில் தானாக அமையாது, கையால் இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். கல்லில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு ரொட்டிகளே இடம்பெறும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு இறங்குவதால், அடுத்த நானுக்குமுன் சில நிமிடங்கள் மூடிவைக்க வேண்டும்.

உயர்சூட்டில் மூடியைச் சட்டென்று திறந்தால், காற்று பாய்ந்து தீப்பிழம்பு முகத்துக்கு நேரே எழும். முதலில் விரலளவு தூக்கிச் சில நொடிகள் பிடித்துப் பிறகு முழுதாகத் திறப்பதே பாதுகாப்பு. எரியும் கரியிலிருந்து மணமற்ற, உயிர்கொல்லியான கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதனால் வீட்டுக்குள்ளோ அடைத்த பால்கனியிலோ கமாடோவை மூட்டக் கூடாது. திறந்தவெளி இல்லாத வீட்டுக்கு இந்த அடுப்பு ஏற்றதல்ல.