கத்தாளை மீனும் தரங்கம்பாடி மிஷனெரியும்



ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரு பழைய அநாதை இல்லக் கட்டிடம் இருக்கிறது. அதன் மேல்மாடி அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். சுற்றிலும் வண்ணம் தீட்டிய உயரமான அலமாரிகள். ஒன்றில் சங்கும் சிப்பியும், இன்னொன்றில் பதப்படுத்திய உயிரினங்கள், மற்றொன்றில் தூரதேசத்துப் பொருட்கள். மொத்தம் ஏறக்குறைய 3,000 பொருட்கள் இங்கே உள்ளன.

இதைத் தொடங்கியவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர். ஆண்டு 1698. பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதைக் கண்ணாலும் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹாலேயில் படித்த சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கதை நமக்குத் தெரியும். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அதே மிஷன், ஓலைச்சுவடிகளையும் பலவகைப் பொருட்களையும் கப்பலில் ஹாலேக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தப் பழக்கத்தை வெகுதூரம் கொண்டுபோனவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1813-இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். அதோடு சங்கு, மீன், பாம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்தார். நம் ஊரில் இருதலை மணியன் என்கிறோமே, அந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. 1801-இல் இவர் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. அந்தப் பாம்புக்கு உண்மையில் ஒரே தலைதான். வால் மழுங்கலாக இருப்பதால் அதுவும் தலைபோலத் தெரிகிறது.

ஜான் சேகரித்த மீன்கள் பெர்லினில் மார்கஸ் எலியேசர் புளோக் என்ற யூத மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தன. புளோக் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மீன்களைப் பற்றி 12 பாகங்களில் ஒரு பெரிய நூல் எழுதியவர். அதில் மட்டும் 432 வண்ணப் படங்கள். நம் குளத்து விராலுக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவரே. 1793-இல் அவர் ஒரு மீன் இனத்துக்கு ஜானின் பெயரை வைத்தார்: ஜோனியஸ். அதுதான் நம் கத்தாளை.

கத்தாளை சத்தம் போடும் மீன். வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிர வைத்து, மேளம் தட்டுவதுபோல ஒலி எழுப்பும். பிரசங்கியாருக்குப் பொருத்தமான மீன்தான் கிடைத்திருக்கிறது!

அந்த இனத்தில் ஒரு மீனின் முழுப்பெயர் ஜோனியஸ் கருட்டா. ‘கருட்டா’ என்பது லத்தீன் சொல் இல்லை. ‘கறுத்த கத்தாளை’ என்று தமிழில் வழங்கிய பெயரை ஜான் எழுதி அனுப்பினார். அதிலிருந்த ‘கறுத்த’ என்ற சொல்லை எடுத்து புளோக் அறிவியல் பெயராக்கிவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் மீன் ஆய்வாளர்கள், தமிழ் என்று அறியாமலேயே, ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

புளோக் சேர்த்த மீன்களில் நூற்றுக்கணக்கானவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கட்டிடத்தின் கிழக்குப் பகுதி குண்டுவீச்சில் இடிந்தது. 2010-இல் அதைத் திரும்பக் கட்டி, மதுசாரம் நிரப்பிய லட்சக்கணக்கான கண்ணாடிச் சாடிகளை அங்கே அடுக்கினார்கள். பார்வையாளர்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று அவற்றைப் பார்க்கலாம்.

நான் ஒரு செவிலியர். ரத்தம் எடுத்தால், நோயாளியின் படுக்கை அருகிலேயே குழாயில் பெயர் ஒட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். பெயர் இல்லாத குழாயை ஆய்வகம் ஏற்காது. எத்தனை கவனமாக எடுத்த ரத்தமானாலும் வீண்தான். அதனால் ஒரு சாடியைப் பார்த்தால் என் கண் முதலில் சீட்டைத்தான் தேடும்.

இந்த மீனின் பெயரில் ஜான் இருக்கிறார். பெயர் வைத்தவராகப் புளோக் இருக்கிறார். விடியற்காலையில் கட்டுமரத்தில் போய் வலை வீசி, “இது கறுத்த கத்தாளை” என்று சொன்ன அந்த மீனவர் யார்? அவர் பெயரை அந்த மீன் சுமக்கவில்லை. அவர் இல்லாமல் அந்த மீனும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதுவும் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு எழுதி வைத்ததால்.

ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில், தேவன் மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவந்து, என்ன பெயரிடுவான் என்று பார்த்தார் என வாசிக்கிறோம். பெயரிடுவது மனிதனுக்குத் தேவன் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று. கரையோரத்து மீனவரும் அந்த வேலையைத்தான் செய்தார். அவரை மறந்துவிட்டு மிஷனெரியை மட்டும் நினைப்பது நியாயமாகாது. ஜானுக்கும் அது பெருமை சேர்க்காது. அவர் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டவர் அல்லவா?

நம் வீடுகளில் தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மீன், பறவை, கீரை என்று நூறு பெயர்கள் அவர்களுக்குத் தெரியும். நமக்கோ எல்லாமே வெறும் ‘மீன்’தான். அடுத்த முறை வீட்டில் மீன் குழம்பு வைக்கும்போது, இது என்ன மீன் என்று அவர்களிடம் கேளுங்கள். சொன்ன பெயரை எழுதி வையுங்கள். பக்கத்தில், சொன்னவர் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.