பாவம்

வடமொழிப் 'பாப' தமிழில் 'பாவம்' ஆனது. பரிதாபப்படவும் இதே சொல்தான், விந்தை! மலாயில் பாவத்துக்கு 'டோசா'. நம் தோஷத்துக்கும் அதற்கும் ஒரே வேர். நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் காதில் இரண்டும் விழுபவை.

கிறிஸ்தவப் போதனையில் பாவம் வெறும் பிழையன்று, செய்தவனையே அழிப்பது. ரோமர் 6:23இல் பவுல் மரணத்தைப் பாவம் தரும் ஊதியமாக்குகிறார். அங்குள்ள கிரேக்கச் சொல் 'ஒப்சோனியோன்', படைவீரனுக்கு அளக்கும் படி. பழைய தமிழ் வேதாகமம் அதைச் 'சம்பளம்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'கூலி' என்கிறது. விடியலில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று, பால்மரம் வெட்டி, செய்த வேலைக்கு எண்ணி வாங்கியவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. என் கணிப்பில் 'கூலி'யே பொருத்தம்.