குல்மார்க் பனிப்பலகைச் சறுக்கு

பனிப்பலகைச் சறுக்கு என்பது இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் குளிர்கால விளையாட்டு ஆகும். இது 1998 ஆம் ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. இந்தியாவில் இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடம் ஜம்மு காஷ்மீரிலுள்ள குல்மார்க் ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இவ்வூரிலிருந்து கம்பிவட ஊர்தி மூலம் 3,900 மீட்டருக்கும் மேலுள்ள அபர்வத் மலைச்சரிவை அடையலாம்.

புதுப்பனி பொழிந்த மறுநாளையே சறுக்குவோர் பெரிதும் விரும்புவர். பொடிபோன்ற பனியின்மேல் பலகை மிதந்து செல்வதே இதற்குக் காரணம். எனினும் அந்நாளே ஆபத்து மிக்கதும் ஆகும். பழைய அடுக்குடன் நன்கு பிணையாத புதுப்பனி, சறுக்குபவரின் எடையாலேயே பெயர்ந்து பனிச்சரிவாகலாம். 2023 பெப்ரவரியில் அபர்வத்தில் நிகழ்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் இருவர் உயிரிழந்தனர். எனவே இங்கு சறுக்குவோர் புதைந்தவரைக் கண்டறியும் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகியவற்றை உடன் கொண்டுசெல்வது இன்றியமையாதது.