நகைப் பழுதுப் பதிவேடு

நகைப் பழுதுப் பதிவேடு என்பது, மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ, அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கவோ, கழன்ற கல்லைப் பதிக்கவோ கொடுக்கப்பட்ட நகை எப்படி வந்தது, எப்படித் திரும்பியது என்பதை நகைக்கடையோ பட்டறையோ எழுதிவைக்கும் ஏடு. மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரத்தில் உள்ள கிளேபாங் வட்டாரத்துக்கு நகைத் தொழில் புதிதன்று. அருகே மலாக்காவின் பழைய நகரில் பொற்கொல்லர் பெயரால் வழங்கும் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு இன்றும் உண்டு. இத்தனை பழைய தொழிலிலும் பழுதுக்குத் தரும் சீட்டில் பெரும்பாலும் கூலியும் திரும்ப வரவேண்டிய தேதியும்தான் இருக்கும். கூலியைவிடத் தங்கத்தின் கணக்குத்தான் அதில் முதலில் இருக்க வேண்டும்.

காரணம் எடையில் இருக்கிறது. உள்விட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள 916 மாற்றுத் தங்க மோதிரத்தை 17 மில்லிமீட்டர் ஆக்க, வளையத்தை அறுத்து ஏறக்குறைய 3.1 மில்லிமீட்டர் துண்டு சேர்க்க வேண்டும். வளையம் 2 மில்லிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டதானால், சேரும் தங்கம் சுமார் 0.17 கிராம். சாதாரண நகைத் தராசே இதைக் காட்டிவிடும். மோதிரத்தைச் சிறிதாக்கினால் ஏறக்குறைய அதே அளவு தங்கம் வெட்டுப்பட்டு வெளியே வருகிறது. அது உரியவர் கைக்குப் போயிற்றா, கூலியில் கழிந்ததா என்பதற்கு எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. வந்த எடையோடு சேர்த்த தங்கத்தைக் கூட்டினால், அது திரும்பிய எடை, திருப்பிக் கொடுத்த துண்டு, அரத்திலும் மெருகிலும் போன சேதாரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். சேர்த்த துண்டின் மாற்றையும் எழுத வேண்டும். பற்றவைக்கும் பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மாற்றுக் குறைந்ததாகவே இருக்கும். துண்டும் மாற்றுக் குறைந்ததானால், உள்ளே 916 என்ற முத்திரை அப்படியே இருந்தாலும் விற்கும்போது உருக்கிப் பார்த்தால் மதிப்பு இறங்கும்.

தலைமுறையாகத் தெரிந்த ஆசாரியிடம் எடை போடச் சொல்வது அவரைச் சந்தேகிப்பதாகும் என்பார்கள். ஆனால் ஏடு முதலில் காப்பது ஆசாரியைத்தான். நவரத்தின மோதிரத்தில் மரகதத்தில் ஏற்கெனவே கீறல் இருந்ததையும் பவளம் ஆடிக்கொண்டிருந்ததையும் வாங்கும்போதே உரியவர் முன்னால் எழுதிவிட்டால், பிறகு நெருப்பு பட்டுக் கல் கெட்டது என்ற பழி ஆசாரிமேல் விழாது. முத்தும் பவளமும் சூடு தாங்காதவை என்பதால் அவற்றைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்ததையும் குறிக்கலாம். பண்டிகை நெருக்கத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நகைகள் குவிந்து மாறிப்போவது அந்த நாட்களில்தான். தராசுத் தட்டில் நகையும் கல்லும் எடை எண்ணும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, சீட்டு எண்ணை எழுதினால் போதும். வாடிக்கையாளர் விவரம் வெளியே போகும் என்ற அச்சத்துக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் தவிர வேறெதையும் கேட்காமலிருப்பதே விடை.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி, நகையை அடகு வைப்பவருக்குச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அதே நகையைப் பழுதுக்குத் தருபவர் எடை எழுதாத சீட்டோடு திரும்புவது நியாயமில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம், சேவை குறித்த வழக்குகளையும் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. அங்கே பேசப்போவது எழுத்துதான். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கடைகள் பழுது ஏட்டைக் குறைந்தது அதுவரையாவது பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளரும் எடை எழுதாத சீட்டை வாங்கக் கூடாது.