கொழும்பு பார்க்கப் போதல்

"கொழும்பு பார்க்கப் போகிறோம்" என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் அயலவருக்கெல்லாம் பெருமையோடு சொல்லப்பட்ட செய்தி. உத்தியோகத்துக்குப் போவது வேறு, வழக்குக்கும் வைத்தியத்துக்கும் போவது வேறு. இது பார்ப்பதற்கென்றே போவது. வெள்ளி இரவு மெயில் வண்டியில் ஏறி, சனியும் ஞாயிறும் தலைநகரைச் சுற்றிவிட்டு, ஞாயிறு இரவு மீண்டும் மெயிலில் ஏறினால் திங்கள் காலை ஊர் வந்து சேரலாம். இந்தச் சிறிய பயணத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அது இந்த நாட்டில் தமிழரின் பிரசாவுரிமை பட்ட பாட்டின் வரலாறாகவே விரிகிறது என்பது என் எண்ணம்.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் முழுமையாக இணைத்தது. அதற்கு முன் கடல்வழியாகவோ வன்னிக் காட்டினூடாக மாட்டு வண்டியிலோதான் போகவேண்டும். பாதை வந்தபின் எழுதுவினைஞர்களும் சுருட்டுக்கடை வைத்திருந்தவர்களும் தெற்கே பெருகினார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகள் உண்டாயின. பாய் விரிக்க ஓர் இடம் இருந்தால் போதும், கொழும்பு பார்க்க வேறென்ன வேண்டும்? 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி கடுகதி ஓடத் தொடங்கியபோது தலைநகரம் இன்னும் நெருங்கி வந்தது. பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம் என்றாயிற்று.

பார்க்கும் இடங்களின் பட்டியல் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலில் கும்பிட்டுத் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்காகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மனியர் தொடங்கிய விலங்குத் தோட்டம் அது. 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அங்கே யானைகளின் ஆட்டத்தைப் பார்த்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் அதையே பேசினார்கள்.

அடுத்தது நூதனசாலை. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியில் 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்க முண்டியடிப்பவர்கள், காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லைக் கவனிக்காமலே கடந்துவிடுவதுண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்குக் காணிக்கை சொல்கிறது. இலங்கையின் தென்முனையில் ஒரு சீனர் நாட்டிய கல்லில் தமிழும் ஒரு மொழியாக இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டவேண்டும்.

மாலையில் காலிமுகத்திடல். கடற்கரையோர நடைபாதையைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் இதனைப் பேணுங்கள் என்று தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்துவைத்தார்.

யாழ்தேவி ஓடத் தொடங்கி ஆறே வாரங்களில், 1956 ஜூன் 5ஆம் திகதி, அதே திடலில்தான் தந்தை செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் சிங்களம் மட்டும் மசோதாவுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். திடலின் ஓரத்திலிருந்த நாடாளுமன்றத்தில் அன்று மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. வெளியே அமர்ந்திருந்தவர்களைக் காடையர் தாக்கினார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் சென்றார். தண்டவாளம் நம்மைத் தலைநகருக்கு அருகே கொண்டுவந்த அதே ஆண்டில் சட்டம் நம்மைத் தூரத் தள்ளியது.

1958, 1977, 1983 என்று வன்செயல்கள் தொடர்ந்தன. 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து தமிழர் அகதிகளாகக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் அடியோடு நின்றது. அதன்பின் கொழும்புப் பயணம் என்பது புலிகளிடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடப்பதாயிற்று. பிற்காலத்தில் அது படையினரிடம் கிளியரன்ஸ் கேட்டு வரிசையில் நிற்பதாக மாறியது. இரு தரப்பாரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "எதற்காகப் போகிறாய்?" மரணவீடு, வைத்தியம், வெளிநாட்டுப் பயணம் என்று எதையாவது சொல்லலாம். ஊர் பார்க்க என்று எவரும் சொல்ல முடியாது.

கொழும்பில் இறங்கினாலும் அந்தக் கேள்வி விடவில்லை. தங்கும் வீட்டில் பொலிஸ் பதிவு வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்குள் லொட்ஜ்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தார்கள் என்பது பொலிஸார் சொன்ன நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் தம் நாட்டின் தலைநகரில் தங்கக் காரணம் காட்டவேண்டியவர்கள் நாம் என்பதை அந்த ஒரு விடியற்காலை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது.

2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கை மக்கள் யாழ்ப்பாணம் பார்க்கப் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். நயினாதீவுக்குப் போனார்கள், கோட்டையைப் பார்த்தார்கள், பனங்கட்டி வாங்கினார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர்களை எவரும் மறித்துக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அந்தச் சுதந்திரம் ஒரு பிரசைக்கு இயல்பாக உரியது. நமக்கும் அதே அளவில் உரியது.

2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 24 ஆண்டுகள் தண்டவாளத்தையே காணாத ஒரு தலைமுறை முதன்முறையாக அதில் ஏறியது. 2022இல் அரசுக்கு எதிராகக் காலிமுகத்திடலில் மக்கள் திரண்டபோது, மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கி இறந்தோரை நினைவுகூர்ந்தார்கள். 1956இல் தமிழர் அடிபட்ட திடலில் அப்படியொரு நாள் வரும் என்று நான் எண்ணியிருந்ததில்லை. அதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் இப்போது 2022இல் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தின் மேலேறி நகரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கீழே இறங்கியபின், நூதனசாலையில் அந்தக் கல்லையும் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்திருந்த திசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எதற்காகக் கொழும்புக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "சும்மா பார்க்கத்தான்" என்று சொல்லப் பழக்குங்கள். அந்த விடையைச் சொல்ல முடியாமல் ஒரு தலைமுறையே இங்கு வளர்ந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.