வடிவியல் எழுத்துருக்கள்

கோட்டின் முனையில் கால்நீட்சி (செரிப்) இல்லாமல், வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாக வைத்து, ஏறக்குறைய ஒரே தடிமனில் வரையப்படுபவை வடிவியல் எழுத்துருக்கள். செரிப் இல்லாத அச்செழுத்து 1816இலேயே லண்டனின் காஸ்லன் வார்ப்பகத்தில் தோன்றிவிட்டது. அதைக் கவராயத்தின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது 1920களின் ஜெர்மனி. யாக்கோப் எர்பார், ருடால்ஃப் கோக் ஆகியோரின் படைப்புகள் வந்த அதே காலத்தில், பவுல் ரென்னரின் ஃபியூச்சுரா எழுத்துரு 1927இல் பிராங்க்பர்ட் நகரின் பவர் வார்ப்பகத்திலிருந்து வெளிவந்தது. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டிலும் அதன் எழுத்தே பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஃபியூச்சுராவை வரைந்தது கவராயம் மட்டுமன்று. வளைவு தண்டோடு சேருமிடத்தில் ரென்னர் கோட்டை மெலித்தார். மெலிக்காவிட்டால் அந்தச் சந்தி கறுத்துத் தெரியும். கண்ணுக்காகச் செய்யும் இந்தத் திருத்தம்தான் தமிழுக்கு மிக முக்கியம். ட, ப இரண்டும் நேர்கோட்டில் அடங்கிவிடும். ண, ஞ, இ அடங்குவதில்லை. 'ட'வின் அகலத்தையே 'ண'வுக்கும் கொடுத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சுழியைச் சுருக்கினால் ண, ன வேறுபாடு மங்கும். அகலம் எழுத்துக்கு எழுத்து மாறத்தான் வேண்டும். பழைய ணா, றா, னா, லை முதலிய கூட்டு வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசாணை 1978இல் விலக்கியது, இவ்வகையில் வடிவமைப்பாளரின் சுமையைக் குறைத்தது.

தமிழ் எழுத்துருத் துறையில் மலேசியாவின் பங்கு பெரிது. கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு, தோட்டப்புறம். அங்கே பிறந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன். 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி, தமிழ் சங்கம் எம்.என். ஆகிய எழுத்துருக்கள் அவருடையவை. தமிழ் சங்கம் கண்டிப்பான பொருளில் வடிவியல் எழுத்துரு அன்று. என்றாலும் சீரான கோட்டில், சிறிய திரையிலும் சுழி அடைக்காமல் தமிழைப் படிக்க வைத்தது. வட்டத்தின் தூய்மையைவிட இது கடினமான வேலை.

இந்தியன் டைப் ஃபவுண்டரியின் பாப்பின்ஸ் எழுத்துரு தேவநாகரியை வட்டத்தில் வார்த்தது. தமிழ் அதில் இல்லை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் எழுத்துரு தமிழையும் இலத்தீனையும் ஒன்பது தடிமன்களில் ஒரே குடும்பமாகத் தருகிறது. வடிவியலுக்கு நெருங்கிய தமிழைத் தேடுவோர் இதிலிருந்து தொடங்கலாம்.