சீட் பெல்ட் போடுவதற்குள்…

விமானப் பயணம் என்றால் என்ன ஞாபகம் வரும் உங்களுக்கு? ஜன்னல் சீட், சாக்லேட், குட்டித் தூக்கம். இதெல்லாம் எதுவுமே கிடையாது. ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு நிமிர்ந்தால், ‘இறங்குங்க சார், ஊர் வந்தாச்சு!’

கதை இல்லை. நிஜம்.

ஸ்காட்லாந்தின் வட கோடியில் ஆர்க்னி தீவுகள். அதில் வெஸ்ட்ரே என்று ஒரு தீவு. பக்கத்திலேயே பாப்பா வெஸ்ட்ரே என்று இன்னும் குட்டியாக ஒன்று. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதை கிட்டத்தட்ட அதே நீளம்! அட்டவணையில் பயண நேரம் 2 நிமிஷம். காற்று முதுகைத் தள்ளிவிட்ட ஒரு நல்ல நாளில் 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார்கள். உலகிலேயே மிகக் குறுகிய தினசரி விமான சேவை இதுதான்.

பணக்காரக் கொழுப்பு என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள்.

ஆர்க்னி கடல் லேசுப்பட்டதல்ல. குளிர்காலத்தில் காற்று புரட்டி எடுக்கும். படகு இருக்கிறது, அரைமணிக்குள் கொண்டுபோய் விடும். ஆனால், கடல் மனசு வைக்க வேண்டுமே! பிரசவ வலியும் நெஞ்சு வலியும் அலை அடங்கட்டும் என்று காத்திருக்குமா?

இந்தச் சிக்கலை முதலில் புரிந்துகொண்டவர் கேப்டன் ஃப்ரெஸ்ஸன். 1933-ல் ஹைலேண்ட் ஏர்வேஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, இன்வர்னெஸ்ஸிலிருந்து ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்கு விமானம் விட்டார். மறு வருஷமே தபால் பைகளும் பறக்க ஆரம்பித்தன. குட்டித் தீவுகளுக்கும் போனார். ரன்வே? விவசாயிகளின் வயல்தான்! அப்புறம் உலகப் போர் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது.

மறுபடி உயிர் வந்தது 1967-ல். லோகன் ஏர் நிறுவனம், ஐலண்டர் என்ற சின்ன விமானத்தோடு களம் இறங்கியது. இரண்டு எஞ்சின், எட்டு பயணிகள், கையகல ரன்வே போதும். கிர்க்வாலில் கிளம்பி, தீவு தீவாக இறங்கி ஏறும். சுருக்கமாகச் சொன்னால், ரெக்கை வைத்த டவுன் பஸ். டாக்டர், டீச்சர், மாணவர்கள், நோயாளிகள் என்று எல்லோருக்கும் அதுதான் வண்டி. கட்டணத்தை வைத்து லாபம் பார்க்க முடியாது. அதனால் அரசாங்கப் பணம் கை கொடுக்கிறது.

‘எட்டு பேருக்காக இவ்வளவு செலவா?’ என்று கேட்கலாம். பதில் அந்தத் தீவிலேயே இருக்கிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் நாப் ஆஃப் ஹோவர் என்று ஒரு கல் வீடு. சுமார் 5,700 வருஷத்துக்கு முந்தியது. கிஸா பிரமிடைவிட ஆயிரம் வருஷம் மூத்தது! அத்தனை காலமாக மனிதர்கள் அடுப்பு மூட்டிய மண்ணில், 2001 கணக்கெடுப்பின்போது மிச்சமிருந்தவர்கள் வெறும் 65 பேர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், கதவைப் பூட்டிச் சாவியைக் கடலில் போட வேண்டியதுதான்.

பூட்டவில்லை. 2011-ல் 90 பேர் ஆனார்கள். விமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஆபத்துக்கு டாக்டர் வருவார் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில் எவன் குடும்பம் நடத்துவான்?

சுற்றுலாக்காரர்களுக்கு அது சர்டிஃபிகேட் வாங்குகிற வேடிக்கை. தீவுக்காரர்களுக்கோ, அந்த ரெண்டு நிமிஷம்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு.